தண்ணீர் தொட்ட கட்டில்

அன்புள்ள மாப்பிள்ளை ராகுலுக்கு,

பழவேற்காட்டிலிருந்து மாமனார் திருவேங்கடம் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், மீன் மட்டும் சுமார். போனில் சொன்னால் உங்கள் மாமியார் ஜெயம்மா பிடுங்கித் தன் கட்சியைப் பேசுவாள், அதனால்தான் கடிதம்.

வளைகாப்பு அன்று சபையில் வாயை விட்டது நான்தான். 'என் பொண்ணு நந்தினி திரும்பறதுக்கு முன்னாடி என் கையால செஞ்ச கட்டில் உங்க வூட்ல நிக்கும்'னேன். உங்கள் நைனா சிரித்தார். 'படகு செய்யறவருக்குக் கட்டில் வருமா சம்பந்தி? ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன், அப்புறம் கடைதான்' என்றார். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் நிற்கிறது. நீங்கள் வேலை பார்க்கும் புதுச்சேரி விடுதியின் பிரெஞ்சுக் கட்டிலின் படத்தைக் காட்டினீர்கள். தலைமாடும் கால்மாடும் மேலெழும்பி வெளியே சுருண்டிருந்தன. அவர்கள் ஊரில் அதைப் படகுக் கட்டில் என்றுதான் சொல்வார்கள் என்றீர்கள். படகு என்றால் எனக்கு யார் சொல்லித் தரணும்?

இழைத்து, முளை அடித்து, கச்சிதமாக முடித்தேன். அடிப்பலகை இடுக்கில் பஞ்சடைத்துத் தார் பூசியது மட்டும் படகு செய்த கைப்பழக்கம். ஜெயம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு, 'இன்னாய்யா இது, பொண்ணு படுக்கவா, எறா ஏத்தவா?' என்றாள். வயிற்றுப் பாரத்தில் தூக்கமில்லாத நந்தினி உட்காரப் போனாள், நான் விடவில்லை. நான் செய்த எதிலும் அது தண்ணீர் தொடாமல் ஆள் ஏறக் கூடாது, அது எங்கள் வழக்கம். மஞ்சள் பூசி ஏரிக்குத் தூக்கிப் போனோம். கால் நனைக்கத்தான். அது மிதந்துவிட்டது. பிடித்துக்கொண்டிருந்த என் மச்சான் கோபால், 'கனம் தாங்குதானு பாக்கறேன் மாமா'னு ஏறிப் படுத்தவன் தூங்கிட்டான். நான் தேங்காய் உடைத்து நிமிர்வதற்குள் காற்று இரண்டையும் கொண்டுபோய்விட்டது.

அன்று எதிர்க்குப்பத்துக்குப் பாடு. பாடு என்றால் ஏரியில் ஊருக்கு ஒரு நாள் என்று முறைவைத்து வலை போடுவது. குறுக்கே வந்த படகைப் பிடித்து வைத்துவிடுவார்கள். கட்டில் நேரே அவர்கள் வலையில் போய்ச் செருகியது. பின்னாலேயே தண்ணீரில் ஓடிப் போய்ச் சேர்ந்த என்னிடம் அவர்கள் பெரியவர் முத்து, 'இது படகா, கட்டிலா, ஒண்ணு சொல்லு' என்றார். படகு என்றால் பறிபோகும். கட்டில் என்றால், ஏரியில் அதுக்கு இன்னா வேலை என்பார். நான் 'பிரெஞ்சு' என்றேன். கூடிப் பேசினார்கள். அந்த நேரம் கோபால் எழுந்து சோம்பல் முறித்து, 'நல்ல தூக்கம் மாமா' என்றான். கட்டில்தான் என்று தீர்ப்புச் சொல்லி விட்டுவிட்டார்கள்.

ஆகவே ஞாயிறு காலை கட்டில் உங்கள் வாசலில் நிற்கும். கடையில் வாங்க வேண்டாம். என் வார்த்தை போனால் நான் உளியைத் தொடமாட்டேன். ஏரிக்குப் போன கதை உங்கள் நைனாவுக்குத் தெரிய வேண்டாம். அவருக்கும் அம்மாவுக்கும் என் வணக்கம், உங்களைக் கங்கையம்மன் கைவிடமாட்டாள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்
திருவேங்கடம்

பி.கு.: கட்டில் வராது. மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். கட்டிலைத் துடைக்கப் போனால் பொண்ணையும் காணோம், கட்டிலையும் காணோம். நந்தினி கோபாலிடம் சொல்லி அதைத் திரும்ப ஏரியில் இறக்கி, நட்ட கழியில் கட்டவைத்து, ஏறிப் படுத்திருக்கிறாள். ராத்திரியெல்லாம் புரண்டு அழுத பொண்ணு, அலையில் ஆடிக்கொண்டு குறட்டை விடுகிறாள். ஜெயம்மா குடையோடு பக்கத்தில் நின்று, பேச வருகிறவனை எல்லாம் விரட்டுகிறாள். கண் விழித்த நேரம் பார்த்து, சபையில் சொன்ன வார்த்தை போகுதே என்றேன். 'போனா போவட்டும் நைனா, எங்க வூட்டுக்காரர இங்க வரச் சொல்லு'ன்னாள். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. உங்கள் நைனா கடையில் வாங்கட்டும், நன்றாகச் சிரிக்கட்டும். நீங்கள் உடனே கிளம்பி வாருங்கள். இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது. தண்ணீர் முழங்கால் அளவுதான், பேண்ட் வேண்டாம், லுங்கி கட்டிக்கொண்டு வரவும்.