மரக்கட்டை வீடு, ஏழு ஏக்கர், காபி உண்டு

“சுவரோட அடிக்கட்டை உளுத்துப்போச்சு” என்றார் வீட்டின் சொந்தக்காரர் தாய்ஸ்தோ.

வீடு பார்க்க வந்து, அதுவரை சுவரைத் தடவிக்கொண்டிருந்த இர்யா என்ற பெண்மணி கையை மெல்ல எடுத்துக்கொண்டார். தரகன் ஏத்து அவசரமாகப் பேச்சை ஏரிப் பக்கம் திருப்பினான். இது அவனுக்குக் கிடைத்த முதல் வீடு; ‘ஞாயிறுதோறும் வீடு பார்க்கலாம், நேரே உள்ளே வரவும்’ என்று வாசலில் போர்டும் வைத்திருந்தான். கோடை முடிவதற்குள் ஒன்றையாவது விற்காவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று அலுவலகத்தில் மிக மரியாதையாகச் சொல்லியிருந்தார்கள்.

வீடு நல்ல வீடுதான். தாய்ஸ்தோவும் அவர் மனைவி ஹெல்வியும் பைன் மரங்களை வெட்டி, பட்டை சீவி, தாங்களே அடுக்கிக் கட்டியது. சுற்றிலும் காடு, ஏரிக்கரையில் சௌனா என்ற நீராவிக் குளியலறை. பனிக்காலத்தில் ஹெல்வி இறந்துபோனார். அவருடைய ரப்பர் பூட்ஸ் மட்டும் உருளைக்கிழங்கு தோண்டப் போகத் தயாராக வாசலிலேயே நின்றது. ஒற்றை ஆளுக்கு எதற்கு இவ்வளவு இடம் என்று தாய்ஸ்தோ விற்க முடிவு செய்திருந்தார்.

வீட்டைப் பார்க்க ஆட்கள் வரும்போது வாயே திறக்கக் கூடாது என்று ஏத்து அவரிடம் கெஞ்சினான்.

அடுத்த ஞாயிறு தாய்ஸ்தோ அலமாரி மாதிரி உட்கார்ந்திருந்தார். வந்தவர்களும் எதிரில் உட்கார்ந்து, காபியைக் குடித்து, ஜன்னலைப் பார்த்துவிட்டு, எழுந்து போனார்கள். எங்கள் பக்கம் மௌனம் மரியாதைக்குறைவு இல்லை. ஆனால் அது வியாபாரமும் இல்லை.

ஏலக்காய் பன் வாசனைக்கு வீடு தானாக விற்கும் என்று பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள். ஏத்து அடுப்பை மூட்டினான். விளம்பரத்திலும் பன்னைச் சேர்த்தான். கூட்டம் இரட்டிப்பானது. ஒருவர் புகைபோட்ட மீன் கொண்டுவந்தார், இன்னொருவர் கேரட் பெட்டி. விலையைக் குறைக்க லஞ்சம் கொடுக்கிறார்கள், போட்டி சூடுபிடித்துவிட்டது என்று ஏத்து மகிழ்ந்தான். விலையைத்தான் யாரும் கேட்கவில்லை.

இறந்தவரின் பொருள் கண்ணில் பட்டால் வாங்குபவர் தயங்குவார் என்று பூட்ஸைக் கொட்டகையில் ஒளித்தான். பென்ட்டி என்ற பெரிய உருவம் கூரை பார்க்கிறேன் என்று கொட்டகைக்குள் போய், பூட்ஸோடு வெளியே வந்தது. சட்டைக் கையால் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தது.

“அது அங்கதான் இருக்கும்” என்றார் பென்ட்டி, யார் முகத்தையும் பார்க்காமல்.

பிறகு கோடாரியின் கூர்மையைச் சோதிக்கிறேன் என்று பனிக்காலம் முழுவதற்கும் விறகு பிளந்து அடுக்கிவிட்டுப் போனார். இவ்வளவு கவனமாகச் சோதிப்பவர் கட்டாயம் வாங்குவார் என்று ஏத்து கணக்குப் போட்டான். தாய்ஸ்தோ இப்போதெல்லாம் ஞாயிறு தவறாமல் முகம் மழித்திருந்தார். அதை விற்கும் ஆர்வம் என்று எடுத்துக்கொண்டான்.

கடைசியில் தலைநகர் ஹெல்சின்கியிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். விலை கேட்டார்கள். எப்போது குடிவரலாம் என்றும் கேட்டார்கள். ஏத்து ஒப்பந்தத் தாளையும் பேனாவையும் எடுத்தான்.

“அடிக்கட்டை உளுத்திருக்கு” என்றார் இர்யா, பன்னை மென்றபடி.

கிணற்றுத் தண்ணீர் ஆகஸ்டில் நாறும் என்று மீன் கொண்டுவந்தவர் சேர்த்தார். பழம் பழுக்கும் காலத்தில் கரடி வரும் என்றார் பென்ட்டி.

“ரெண்டு கரடி” என்று தாய்ஸ்தோ திருத்தினார். பிறகு, யாரும் கேட்காமலே, எல்லோருக்கும் இன்னொரு கப் காபி ஊற்றினார்.

தம்பதியின் கார் புழுதியாகிப் பைன் மரங்களுக்குள் மறைந்தது. ஏத்துவின் வேலையும் அதன் பின்னாலேயே போனது. அவன் படியில் உட்கார்ந்துவிட்டான். உள்ளே யாரோ மெதுவாகச் சிரிக்கும் சத்தம் கேட்டது. தாய்ஸ்தோதான். இர்யா கையில் கப்போடு வெளியே வந்தார்.

“வாங்கற எண்ணமே இல்லன்னா எதுக்கும்மா வாராவாரம் வர்றீங்க?” அழாத குறையாகக் கேட்டான்.

இர்யா அந்தக் கப்பை அவன் கையில் திணித்தார்.

“அவர் சம்சாரத்தைப் புதைச்ச நாள்லேருந்து இந்தக் கதவைத் தட்டி ஒரு வார்த்தை கேட்க எங்க ஊர்ல ஒருத்தருக்கும் தைரியம் வரல, தம்பி, நீதானே ஞாயித்துக்கிழமை யாரு வேணா தட்டாம உள்ள வரலாம்னு போர்டு வச்ச.”