ஷேருவின் இடது காது

மாரெட்பள்ளி,
திங்கட்கிழமை

சிரஞ்சீவி ஜெயந்துக்கு அப்பா எழுதுவது. ஆசீர்வாதம் உண்டு, இன்றைக்குக் கொஞ்சம் குறைவாக. நானும் உன் அம்மாவும் சௌக்கியம். பெங்களூருக்கு மாற்றலாகிப் போனபோது நீ எங்களிடம் விட்டுப்போன உன் நாய் ஷேருவும், இடது காது தவிர, சௌக்கியம். போனில் சொன்னால் பாதியில் வெட்டிவிடுவாய், அதனால்தான் கடிதம்.

அந்தக் காது கொழுக்கட்டையாக வீங்கியதற்கு, "அப்பா, நீங்க அடிச்சீங்களா?" என்று கேட்டாயே, எப்படிடா மனசு வந்தது உனக்கு? எதிர்வீட்டு பிரசாத் பார்த்தானாம், நான் குடையை ஓங்கினேனாம். மழையில் குடையை ஓங்காமல் எப்படி விரிப்பது? அவன் சொன்னான், நீ நம்பினாய், உன் அம்மா சாம்பார் ஊற்றும்போதுகூட என் முகத்தைப் பார்ப்பதில்லை. முப்பத்தெட்டு வருஷ ரயில்வே சர்வீஸில் ஒரு மெமோ வாங்காதவன், ஒரு நாயால் வாங்கிவிட்டேன். சரி, உண்மை தெரியட்டும் என்று நேற்றே அதை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கால்நடை டாக்டர் அக்ஷதாவிடம் போனேன். தங்கமான பெண். ஊசியால் ரத்தத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, யாரும் அடித்ததாகத் தெரியவில்லை அங்கிள், உள்ளே அரிப்பு தாங்காமல் தலையைப் படபடவென்று உதறியிருக்கிறது, உதறின வேகத்தில் மடலுக்குள் ரத்தக்குழாய் உடைந்து கட்டிக்கொண்டது என்றாள். ஹவ், ஆமாம்டா, தன்னைத் தானே அடித்துக்கொண்டது! காயம் வேறு, அதைக் கொண்டுவந்த வியாதி வேறு, வியாதிக்குக் காரணம் என்ன என்று பார்க்கணும் என்று பஞ்சில் காது அழுக்கை எடுத்து வைத்துக்கொண்டாள். பார்க்கட்டும். உன் மனைவி பூர்ணா அனுப்பிய ஷாம்புதான் காரணம், வேறென்ன? சோறு வைப்பதோடு சரி, நான் அதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

ஆகையால் இந்த வாரமே வந்து கூட்டிக்கொண்டு போ. பழி சுமந்து வளர்க்க எனக்கென்ன தலையெழுத்தா? உன் நாய் எனக்கு நக்கோ, வேண்டவே வேண்டாம்.

பூர்ணாவுக்கும் என் ஆசி, ஷாம்பு நீங்கலாக.

இப்படிக்கு,
அடிக்காத அப்பா,
ஜம்புநாதன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் டாக்டர் போன் செய்தாள். காதில் பூஞ்சையாம். எண்ணெய்ப் பசை இருந்தால் செழித்து வளருமாம். "காதுல யாராவது எண்ணெய் விட்டீங்களா அங்கிள்?" என்றாள். நான்தான் விட்டேன். சனிக்கிழமை நான் எண்ணெய் தேய்த்துக்கொள்ளும்போது அது பக்கத்தில் வந்து உட்கார்ந்து தலையைச் சாய்க்கும். காய்ச்சின நல்லெண்ணெய், காதுக்கு இரண்டு சொட்டு, சின்ன வயதில் உனக்கு விட்ட மாதிரியேதான். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. பிரசாத்திடம் சொல்லப்போவதும் இல்லை. இனி மருந்து மட்டும் வேளைக்கு மூன்று சொட்டு, நானே விடுகிறேன். நீ வா, இரண்டு நாள் இரு. அதை மட்டும் கூட்டிக்கொண்டு போய்விடாதே.