களவாடப் போன ஞாபகம்

கப்பல் இன்ஜின் அறையில் எண்ணெயும் கையுமாகப் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, இனி வீடே கதி என்று வந்து சேர்ந்த அந்த மனிதர், ஒரு ஞாயிற்றுக்கிழமை பல் துலக்கும்போதே சபதம் எடுத்தார். மகளின் ஞாபகத்தில் ஓர் இடத்தை இன்றைக்குத் திருடியே தீருவது.

திருட்டுக்குக் காரணம் இருந்தது. அவள் நடந்தது, பேசியது, விழுந்தது, எழுந்தது எல்லாம் அவருக்குப் போனில் வந்த செய்திகள். சொந்தமாகக் கையில் இருந்தது ஒன்றே ஒன்று. விடுமுறையில் வந்திருந்தபோது ஒருநாள் பேய்மழை. நாலு வயது மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்திலிருந்து முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தார். ஒரு செருப்பு தண்ணீரோடு போயிற்று. அவள் அவர் காதுகளைப் பிடித்துத் திருப்பித் திருப்பி வண்டி ஓட்டினாள். நடுக்கடலில் மனசு கனக்கும்போதெல்லாம் அந்த மழையில் போய் நனைந்துவிட்டு வருவார்.

ஆனால் ஒன்றை வைத்துக்கொண்டு ஓர் அப்பா எத்தனை காலம்தான் ஓட்டுவார்?

கப்பல் சமையல்காரர் ஒருமுறை சொல்லியிருந்தார்: "சின்ன வயசுல நடந்தது பிள்ளைங்களுக்கு எங்க நிக்குது? நாம திரும்பத் திரும்பச் சொல்றதுதான் அதுங்களுக்கு ஞாபகம்." அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். குறி, சைக்கிள். மகளுக்குச் சைக்கிள் பழக்கியது மனைவியின் தம்பி. அதை அலுங்காமல் தன் பேருக்கு மாற்றிவிட வேண்டும்.

மனைவி குக்கரோடு மல்லுக்கட்டும் சமயம் பார்த்து ஆரம்பித்தார்.

"கண்ணு, உனக்குச் சைக்கிள் பழக்கினது யாரு சொல்லு?"

"நீங்கதான்."

தூக்கிவாரிப் போட்டது. திருடப் போன வீட்டில் கதவைத் திறந்து 'வாங்க' என்றால் எப்படி இருக்கும்?

"நானா?"

"பின்னாடி பிடிச்சுக்கிட்டே ஓடி வந்தீங்களே. நீலச் சட்டை. மூச்சு வாங்குச்சு."

"முதல் பல் விழுந்தப்போ?"

"நீங்கதான் நூல் கட்டி இழுத்தீங்க. நான் விரலைக் கடிச்சு வச்சேன்."

விரலைப் பார்த்தார். தடம் இருப்பது போலத்தான் தெரிந்தது. சமையலறைக்கு ஓடினார்.

"எல்லாம் உன் வேலையா?"

"பின்னே? தூங்க வைக்கும்போதெல்லாம் சொல்லிச் சொல்லி வளர்த்தேன். அப்பா இல்லாத வீடுன்னு பிள்ளை மனசுல பதியலாமா?" குக்கரிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "சொல்லிச் சொல்லி எனக்கே நீங்க கூட இருந்த மாதிரிதான் இருக்கு."

அவர் அந்த விரலை மறுபடி தடவிப் பார்த்தார். இருந்திருக்கலாம். அத்தனைக்கும் கூடவே இருந்திருக்கலாம்.

"உன் தம்பி கோவிச்சுக்கலையா?"

"கோவிக்காம? ஓடினவன் அவன், பேர் உங்களுக்கா? அழாத குறை. அப்புறம் பதிலுக்கு உங்களோடது ஒண்ணைக் கொடுத்துச் சமாதானம் பண்ணேன்."

"என்னோடதா? என்கிட்ட இருந்ததே..."

மீதியைச் சொல்லாமல் கூடத்துக்குப் பாய்ந்தார்.

"கண்ணு! அன்னைக்கு மழையில உன்னைத் தோள்ல தூக்கிட்டு வந்தது?"

மகளின் முகம் மலர்ந்தது. "மாமா! காதைப் பிடிச்சு ஓட்டினேனே! செருப்புகூடத் தண்ணியில போயிடுச்சு!"

"அது நான்தாம்மா. என் செருப்பும்மா!"

மகள் அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"போங்கப்பா, உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க அப்போ கப்பல்ல இருந்தீங்க."