கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டம்

ஹான்யுவான் புதிதாக வகுத்த கட்டத்துக்கு வைத்த பெயரைக் கணினி ஏற்க மறுத்தது. அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதாம்.

அவன் வைத்த பெயர் ‘சாப்பிட்டாச்சா’.

முன்னால் இருந்தவர்கள் விட்டுப்போன குப்பை என்று முனகிக்கொண்டே பெயருக்குப் பின்னால் ஒரு 2 சேர்த்தான். உடனே ஏற்றுக்கொண்டது.

ஷின்சூ நகரில் லிஃப்டுகளுக்கு மென்பொருள் எழுதும் கம்பெனி அது. எழுதிய கோப்புகள் எல்லாம் ஒரே கிடங்கில் சேரும். யார் மாற்றியது, எதற்காக என்று சில கட்டங்களை நிரப்பினால்தான் கோப்பை உள்ளே போட முடியும். புதுக் கட்டங்கள் வகுப்பது கிடங்குப் பொறுப்பாளனான ஹான்யுவானின் வேலை. ‘எந்தக் கட்டடம்’, ‘எந்த மாடல்’ என்று வகுக்க வேண்டியவன் ‘சாப்பிட்டாச்சா’ என்று வகுத்ததற்குக் காரணம் பெய்ஜென்.

முன்பு இந்தக் கிடங்கைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். இப்போது சோதனைப் பிரிவில் இருக்கிறாள். மத்தியானம் ஆனால் எங்கோ போகிறாள், வெறுங்கையோடு வந்து உட்காருகிறாள், சாப்பிடுவதாகத் தெரியவில்லை. ஹான்யுவானுக்கு அவள்மேல் கொள்ளைப் பிரியம்; அதைச் சொல்லத்தான் நாக்கு எழவில்லை. சாப்பிட்டாயா என்று வாய்விட்டுக் கேட்கலாம். ஆனால் அந்த ஊரில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள். பட்டினி கிடப்பவனும் ஆச்சு என்றுதான் சொல்வான். கணினியிடம் யார் பொய் சொல்லப் போகிறார்கள் என்று நினைத்தான்.

அவன் லட்சணமும் அப்படித்தான். வேலையில் உட்கார்ந்தால் சோறு தண்ணீர் மறந்துவிடும். மேனேஜர் டூ பக்திமான்; சாமிக்குப் படைத்த பன்னில் ஒன்று தினமும் எப்படியோ தன் மேசைக்கு வந்துவிடுவதாக அவன் நம்பினான். அதில்தான் உயிர் ஓடியது.

பெய்ஜெனின் கோப்புகளுக்கு மட்டும் என்று குறிக்க மறந்தான். போதாததற்கு ‘கட்டாயம்’ என்ற இடத்தில் டிக்கும் போட்டான். மறுநாள் காலை, சாப்பிட்ட கதையைச் சொல்லாமல் யாராலும் ஒரு கோப்பைக்கூட உள்ளே போட முடியவில்லை.

“லிஃப்டுக்கும் என் வயித்துக்கும் என்னப்பா சம்பந்தம்?” என்றார் பக்கத்து மேசைக்காரர்.

டூ முதலில் செர்வரின் தலைக்கு மேலே பார்த்தார். இயந்திரம் சமர்த்தாக இருக்கட்டும் என்று அந்த ஊர் வழக்கப்படி வைத்திருந்த பச்சைப் பொரிப் பை அங்கேயே இருந்தது, காலாவதியும் ஆகவில்லை. அப்படியானால் குற்றம் மனிதனுடையதுதான் என்று முடிவுக்கு வந்தார்.

ஹான்யுவான் அவசர அவசரமாக, கட்டம் தானே ‘இல்லை’ என்று நிரம்பும்படி மாற்றினான். பழைய கோப்புகளும் சேர்ந்து நிரம்பிக்கொண்டன. மத்தியானம் தலைமை அலுவலகத்துக்குத் தானாகப் போகும் அறிக்கை, இந்தக் கிளையில் பல வருஷங்களாக ஒருவரும் சாப்பிடவில்லை என்றது. ஊழியர்களை இப்படியா வதைப்பது என்று மேலிடம் கேட்க, டூ பதறிப்போய் எல்லாருக்கும் மாட்டிறைச்சி நூடுல்ஸ் வரவழைத்தார்.

பெய்ஜென் மட்டும் தன் கோப்பில் ‘இல்லை’யை ‘ஆச்சு’ என்று திருத்தியிருந்தாள். கணினியிடமும் பொய் சொல்கிறாளே என்று ஹான்யுவானுக்கு மனசு வலித்தது.

கட்டத்தையே அழிக்கப் பார்த்தான். விவரம் நிரம்பிய கட்டத்தை அழிக்க அவனுக்கு அனுமதி இல்லையாம். கடைசியில் கிடங்கு மென்பொருளை விற்றவர்களுக்கு டூ போன் செய்து, ஸ்பீக்கரில் போட்டார். பழைய பொறுப்பாளர் ஆயிற்றே என்று பெய்ஜெனையும் கூப்பிட்டு நிறுத்தினார். இந்தக் கூத்தை யார் பண்ணியது என்று கேட்டார்.

“நான்தான் சார். பெய்ஜென் மத்தியானம் சாப்பிடறாங்களான்னு தெரிஞ்சுக்கணும்னு போட்டேன்.”

பெய்ஜெனுக்குக் காதுமடல்வரை சிவந்துவிட்டது.

“என்கிட்டயே கேட்டிருக்கலாமே.”

“கேட்டா ஆச்சும்பீங்க.”

அவள் தரையைப் பார்த்தாள். டூ கூரையைப் பார்த்தார். இவர்களில் யாரையும் அறியாத போன்காரப் பெண்மணி மட்டும் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டிருந்தார்.

“சார், 2-ன்னு இருந்ததை எடுத்தாச்சு. இதே பேர்ல பழசு ஒண்ணு இருக்கு. பெய்ஜென்னு ஒருத்தங்க, லியாவ் ஹான்யுவான் கோப்புங்களுக்கு மட்டும், அவர் கண்ணுக்குத் தெரியாம போட்டது. ‘இன்னும் இல்லை, பன் வாங்கி வெச்சாச்சு’ன்னு நேத்து வரைக்கும் தினம் நிரப்பியிருக்காங்க. அதையும் அழிச்சிடவா?”