காஜா பெராங் நத்தைகளின் சாட்சியம்

காஜா பெராங் பழைய நீர்த்தேக்கத்தின் அடியில் எத்தனை நத்தைகள் வசிக்கின்றன என்று தெரியாமல் ஒரு சுதந்திர நாடு எப்படி நடக்கும்? மெர்டேக்கா என்னும் சுதந்திரம் கிடைத்த மறு வருடம், மழை பொய்த்து, தண்ணீர் கரையை விட்டு இறங்கிப் போன மாதத்தில் நீர்நிலை இலாகாவுக்கு இந்தக் கவலை வந்தது. உடனே ஒரு சல்லடை, ஒரு வாளி, மூன்று பிரதிகளாக நிரப்பும் பாரம் ஆகியவற்றோடு பரிசோதகர் கலியாணசுந்தரத்தை அனுப்பி வைத்தார்கள்.

எனக்கு வேறு கவலை. பண்டார் ஹிலிர் ஆபீஸில் குடியுரிமைப் பத்திரம் கேட்டு நான் ஐந்தாவது முறையாகப் போய் வந்திருந்தேன். மேசையில் இருந்தவர் சேதுராமன்.

"நீங்கள் பன்னிரண்டு வருடமாக இங்கே இருப்பதற்கு என்னம்மா அத்தாட்சி?"

"நான்தான் ஐயா. இதோ நிற்கிறேனே."

"இன்றைக்கு நிற்கிறீர்கள். அது தெரிகிறது. பன்னிரண்டு வருடம் நின்றதற்கு?"

நான் பிறந்த ரப்பர் தோட்டத்துப் பதிவேட்டை ஜப்பான்காரன் வந்தபோது எரித்துவிட்டார்கள் என்றேன். எரிந்ததற்கு அத்தாட்சி கேட்டார். சாம்பலை யார் எடுத்து வைப்பார்கள்? அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பத்திரம் இல்லாதவர்களைக் கப்பலில் ஏற்றிவிடுவார்களாம். என் வீட்டுக்காரருக்கும் மகள் மல்லிகாவுக்கும் பத்திரம் வந்துவிட்டது. நான் மட்டும் முன்பின் பார்க்காத நாகப்பட்டினத்தில் இறங்கி யார் வீட்டுக் கதவைத் தட்டுவேன்?

இந்த நினைப்போடு நீர்த்தேக்கத்துப் படியில் பித்தளைக் குடத்தைத் தேய்த்துக் கொண்டிருந்தேன். எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான். அடியில் காலைவிட்டு வண்டலைத் துழாவி எடுத்து, தேங்காய் நாரில் தொட்டுத் தேய்ப்போம். அதனால் தண்ணீருக்கு அடியில் எங்கே என்ன இருக்கிறது என்பது எங்கள் கால்விரல்களுக்குத் தெரியும்.

"அம்மா, இங்கே நத்தை உண்டா?" என்றார் பரிசோதகர்.

"படிக்கல்லில் மெல்லிசாகப் பாசி படிந்த இடத்தில் நிறைய உண்டு ஐயா. அதை மேய்ந்துதானே பிழைக்கிறது. பாசியே இல்லாத நடு மணலில் ஒன்றும் இருக்காது. அதோ, போர்வை மாதிரிப் பாசி மூடிக் கிடக்கிறதே, அங்கே கீழே காற்றுப் போகாமல் நாறும். செம்புழுதான் நெளியும்."

அவர் சல்லடையை மூன்று இடத்திலும் போட்டுப் பார்த்தார். நான் சொன்னபடியே இருந்தது. ஆடிப் போய்விட்டார். "இதெல்லாம் எப்படித் தெரியும்?"

"பன்னிரண்டு வருடமாகக் குடம் தேய்க்கிறேனே."

அவர் எழுதினார்: 'மேற்படி நீர்நிலையின் கரையில் பன்னிரண்டு ஆண்டுகளாக வசித்து வரும் அஞ்சலை என்பவரின் வாக்குமூலம் நத்தைகளால் உறுதிப்படுகிறது.' கீழே முத்திரை குத்தினார். ஒரு பிரதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு பண்டார் ஹிலிருக்கு ஓடினேன்.

சேதுராமன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "முத்திரை இருக்கிறது. ஆனால் இது முதல் அறிக்கை. மூன்று மாதம் கழித்து முடிவறிக்கை வரும். அதிலும் நத்தைகள் இதையே சொன்னால் பத்திரம் உங்கள் கையில்."

நான் செய்த ஒரே பிழை, இதைப் பக்கத்து வீட்டுக் கமலவேணியிடம் சொன்னது.

மறுநாள் காலையில் காஜா பெராங்கே கரையில் நின்றது. பத்திரம் கிடைக்காத நூற்று நாற்பத்து இரண்டு பேர். குடமே தேய்த்தறியாத ஆண்பிள்ளைகள்கூடச் செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, காலால் அடியைத் துழாவி, "மெல்லிய பாசியில் நத்தை உண்டு ஐயா" என்று வாக்குமூலம் கொடுத்தார்கள். கலியாணசுந்தரம் கை வலிக்க வலிக்க எழுதினார். என்னையும் சேர்த்து நூற்று நாற்பத்து மூன்று.

அப்புறம்தான் எல்லோருக்கும் பயம் பிடித்தது. மூன்று மாதத்துக்குள் நத்தைகள் செத்துப் போனால்?

"நத்தைக்குத் தேவை பாசி. பாசிக்குத் தேவை உரம்" என்றாள் கமலவேணி. சாணம் வந்தது. புண்ணாக்கு வந்தது. ஆளுக்கொரு பானை கழுநீர் வந்தது.

"வேண்டாம் கமலவேணி. பாசி மெல்லிசாக இருந்தால்தான் நத்தை. தடித்தால் புழுதான்."

"உனக்கு முதல் பேர் வந்துவிட்டது. அந்தக் கொழுப்பில் பேசுகிறாய் அக்கா."

ஒருநாள் சேதுராமனே வாளியோடு வந்து நின்றார். "ஐயா, நீங்களா?"

"சத்தம் போடாதீர்கள். என் பத்திரமும் இன்னும் வரவில்லை" என்று சொல்லிவிட்டு வாளியைக் கவிழ்த்தார்.

பொய் சொல்வானேன்? எல்லோரும் ஊற்றும்போது நான் மட்டும் ஊற்றாமல் இருந்து, அதனாலேயே நத்தை செத்தது என்று பேர் வந்தால்? நானும் தினம் ஒரு பானை ஊற்றினேன்.

மழை வரவேயில்லை. தண்ணீர் இன்னும் வற்றியது. கரைக்குக் கரை பச்சைக் கம்பளி விரித்த மாதிரி ஆனது. நாற்றத்தில் கோயிலுக்குப் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சாமி கும்பிட்டார்கள்.

மூன்றாம் மாதம் பரிசோதகர் சல்லடையைப் போட்டார். நூற்று நாற்பத்து மூன்று பேரும் கரையில் நின்று எட்டிப் பார்த்தோம். மேலே வந்தவை வெறும் ஓடுகள். அவற்றுக்கு நடுவே செம்புழு, கைப்பிடி கைப்பிடியாக.

"ஐயா, நாங்கள் சொன்னதை..." என்று ஆரம்பித்தேன்.

"அம்மா, நான் எழுதுவது நீங்கள் சொன்னதை அல்ல. நத்தை சொன்னதை." குனிந்து எழுதி, உரக்கப் படித்தார்: "'நத்தைகள் இல்லை. செம்புழுக்கள் எண்ணிலடங்கா. இந்நீரை அருந்தி எந்த மனிதரும் பன்னிரண்டு ஆண்டுகள் உயிர் வாழ்ந்திருக்க இயலாது. ஆகவே இக்கரையில் எவரும் வசிக்கவில்லை என்று இதனால் முடிவு செய்யப்படுகிறது.'"

முத்திரையை ஓங்கிக் குத்தினார். கமலவேணி தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். சேதுராமன் காலி வாளியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

பாரத்தின் கடைசி வரியில் பரிசோதகரின் வசிப்பிடம் என்று ஓர் இடம் இருந்தது. அவர் பழக்கத்தில் எழுதிக்கொண்டே போனார்: 'இலாகா குவார்ட்டர்ஸ், நீர்த்தேக்கக் கரை, காஜா பெராங்.' பேனா நின்றது. மேலே எழுதியதை ஒருமுறை படித்தார். முத்திரையை விரலால் தேய்த்துப் பார்த்தார். அழியவில்லை, அரசாங்க மை.

பேனாவை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அஞ்சலையம்மா, பத்திரம் இல்லாதவர்களை ஏற்றுகிற கப்பல் எந்தத் தேதியில் புறப்படுகிறதாம்?"