ஒட்டு அண்ணனின் காது

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டையே சலித்துப் பார்த்தாலும், ஒட்டுக்கேட்பதற்காக மாதச் சம்பளம் வாங்கிய மனிதர் எங்கள் ஒட்டு அண்ணன் ஒருவர்தான். அப்பா அம்மா வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டையில் இருந்தது. அட்டை எங்கே இருந்தது என்பது அவருக்கே தெரியாது.

மண்ணூர்பேட்டையில் ஒரு பேட்டரிக் கடையின் மாடியில் எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனி. உடனே கண்ணாடிக் கட்டடம், ஏசி பஸ் என்று கற்பனையில் இறங்கிவிடாதீர்கள். ஃபேக்டரி கேட்டில் லாரி நுழைந்தால் எடை போட்டுச் சீட்டு அடிக்கிற புரோகிராம்தான் எங்கள் பிழைப்பு. அந்தக் கம்ப்யூட்டர்கள் மக்கர் செய்தால் காரணம் கண்டுபிடிப்பது அண்ணனின் பிழைப்பு.

கம்ப்யூட்டருக்குள் ஒரே நேரத்தில் ஏகப்பட்ட வேலைகள் ஓடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் உண்டு. கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டி, கூடவே நம்பரையும் கொடுத்தால், அந்த ஒரு வேலை மட்டும் என்னென்ன செய்கிறது என்று வரிவரியாகக் காட்டும். அண்ணனின் பாஷையில் இதற்குப் பெயர் ‘காது வைக்கிறது’. நம்பர் கொடுக்காமல் மொத்தத்தையும் திறந்துவிடுகிறவனை அவர் மனித ஜாதியிலேயே சேர்க்க மாட்டார்.

இதை ஆபீஸோடு விட்டிருந்தால் நான் ஏன் எழுதப் போகிறேன்?

மதியச் சாப்பாட்டில் நாங்கள் நாலு பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தால் கையைத் தூக்கிவிடுவார். “இன்னிக்கி குமாரு மட்டும். மத்தவன்லாம் வாய மூடிக்கினு துன்னு.” அதோடு சரி. அன்றைக்குக் குமாரைத் தவிர யார் பேசினாலும் அவருக்குக் கேட்காது. “அண்ணே, தட்டுல பல்லி!” என்று நான் கத்தியதும் கேட்கவில்லை. குமார் சொன்ன பிறகுதான் கையை உதறினார்.

திருவேற்காட்டில் அவர் வீட்டிலும் இதே சட்டம்தான். அம்மாவுக்கும் மனைவிக்கும் சண்டை வந்தபோது, முதலில் அம்மா மேல் மட்டும் காது வைத்திருக்கிறார். தன் முறை வருவதற்குள் அண்ணி மாங்காட்டிலுள்ள தாய்வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் அண்ணன் எங்களிடம் கவலையாகச் சொன்னார்: “இப்ப அந்த நம்பர்லேர்ந்து சத்தமே வர்ல மாமே.”

அன்று சாயங்காலம் பூந்தமல்லியில் ஷேர் ஆட்டோக்காரர்கள் ஆளுக்கொரு ஊரைக் கூவிக்கொண்டிருந்தார்கள். வழக்கம்போல ஒரே ஒருவர் மேல் காது வைத்தார். அந்த ஆள் கூவிய ஊர் மாங்காடு. ஏறிப் போய், அண்ணியோடு திரும்பினார். தெரியாமல் ஏறிவிட்டதாகத்தான் கடைசிவரை சாதித்தார்.

இப்போது கல்பனாவுக்கு வருகிறேன். ஆவடி குவாட்டர்ஸில் வளர்ந்த பெண், வேலைக்குப் புதுசு, இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. எடை போடுகிற புரோகிராம் அவள் எழுதியது. ஒரு வாரமாக ஒரு ஃபேக்டரியில் அது ஆமையாக நகர்ந்தது. டிரைவர் டீ குடித்துவிட்டு வந்தாலும் சீட்டு வரவில்லை. லாரிகள் மெயின் ரோடுவரை நின்றன. எங்கள் மேனேஜர் தீர்ப்பே எழுதிவிட்டார்: “அந்தப் பொண்ணு புரோகிராம்தான். சனிக்கிழமையோட கணக்கு முடிச்சிடலாம்.” கல்பனா பாத்ரூமுக்குள் போய்விட்டு முகம் கழுவி வந்தாள். இரண்டு தடவை கழுவியும் கண் சிவப்பாகவே இருந்தது.

ஆதாரம் வேண்டும் என்று மேனேஜர் அண்ணனையும் என்னையும் கூட்டிக்கொண்டு தானே அந்த ஃபேக்டரிக்கு வந்து, “ஒண்ணையும் விடாதீங்க, எல்லாத்தையும் ரெக்கார்ட் பண்ணுங்க” என்று உத்தரவு போட்டார். பதிவுகள் கொட்டிய கொட்டில் டிஸ்க் நிரம்பி, நகர்ந்துகொண்டிருந்த ஆமையும் படுத்துவிட்டது. அந்தக் குப்பையை அள்ளவே மதியமானது.

“ஊரையே கூட்டி ஒட்டுக்கேட்டா ஒரு மண்ணும் காதுல வுழாது சார். நவுரு” என்று மேனேஜரை நாற்காலியிலிருந்து எழுப்பினார் அண்ணன். மேனேஜர் புகைந்துகொண்டே வெளியே போனார். அறையில் அண்ணனும் நானும் மட்டும்.

கல்பனாவின் புரோகிராம் நம்பரைப் பார்த்துக் காது வைத்தார். கம்ப்யூட்டர் முடியாது என்றது. மறுபடி தட்டினார். மறுபடியும் முடியாது.

“இன்னா மாமே இது! யாரோ ஏற்கெனவே காது வெச்சிகினு கீறான்.”

ஒரு வேலை மேல் ஒருவர்தான் காது வைக்க முடியும். வைத்தால் அந்த வேலை ஒவ்வொரு அடிக்கும் நின்று நின்று, ஒட்டுக்கேட்பவரிடம் சொல்லிவிட்டுத்தான் போகும். புரோகிராம் ஏன் ஆமையாக நகர்ந்தது என்பது விளங்கிவிட்டது. அண்ணனுக்கு முகமெல்லாம் சிவந்தது.

“எந்த பேமானிடா அவன்? ஒரு பொண்ணு பொயப்புல மண்ணள்ளிப் போட்டுகினு குந்திகினு கீறான்! அவன் மட்டும் கைல கெடைக்கட்டும், தோல உரிக்கிறேன்!” அவனுடைய வம்சத்தையும் இரண்டு தலைமுறைக்கு விசாரித்துக்கொண்டே, அது யார் என்று கேட்கும் கட்டளையைத் தட்டினார்.

திரையில் அண்ணனின் பெயர் வந்தது. அடையாள அட்டையில் இருக்கிற பெயர். நானே அன்றுதான் அதைப் பார்த்தேன்.

போன வாரம் ஏதோ சோதிக்க வந்தவர், காது வைத்துவிட்டு அப்படியே சாப்பிடப் போய்விட்டார். அது இன்றுவரை ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

ஒரு பொத்தானைத் தட்டி நிறுத்தினார். பிரிண்டர் உயிர்பெற்றுச் சீட்டுகளாகத் துப்பியது. அத்தோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. “அண்ணே, நான் எதையும் பாக்கல” என்றேன். அவர் காதில் விழவில்லை. அன்றைக்கு என் முறை இல்லை போலிருக்கிறது. எழுந்து வாசலுக்குப் போனார்.

“சார்! ஆளு மாட்டிகினான்!”

“யாருய்யா?”

“நாந்தான்.”

“விளையாடாதய்யா.”

“மெய்யாலுமே சார். அந்தப் பொண்ணு புரோகிராம் தங்கமா ஓடுது. நாந்தான் காத வெச்சிட்டு எட்க்க மறந்து பூட்டேன். அது வேலைல கைய வெக்காத சார்.” லாரி டிரைவர்கள் கைதட்டினார்கள். எதற்கென்று அவர்களுக்குத் தெரியாது, சீட்டு வந்துவிட்ட சந்தோஷம்.

சனிக்கிழமை கணக்கு முடிக்கப்பட்டது. பெயர் மட்டும் மாறியிருந்தது. கல்பனா படிக்கட்டில் நின்று அழுதாள். “அட அழுவாத பாப்பா, வூட்ல ரெண்டு நம்பர் கீது, இனிமே ரெண்டு பேரயும் கேக்கறதுக்கு டைம் கெடைக்குமில்ல” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

இப்போது கல்பனாதான் எங்கள் மேனேஜர். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அவள் முதலில் சொல்லித் தருவது, காது வைத்தால் வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும் என்பதைத்தான். நானும் பக்கத்தில் நின்று சரி சரி என்று தலையாட்டுவேன். பூந்தமல்லியில் இறங்கி அந்த ஆட்டோ கூச்சலுக்குள் நடக்கும்போது, எங்கேயாவது ஒரு ‘இன்னா மாமே’ கேட்காதா என்று தேடுவேன். அவர் மேல் வைத்த காதை நான் இன்னும் எடுக்கவில்லை.