மழலை ஆளுமையின் மூன்று தூண்கள்

மனிதகுலம் தன்னைப் பற்றி அறியவேண்டிய அனைத்தும் சென்ற வாரம் ஒரு மழலையர் பள்ளியில் எங்கள் ஆய்வுக்குழுவால் கண்டறியப்பட்டுவிட்டது. குழுத் தலைவன் அடியேன்.

வகுப்பறைக்கும் எங்கள் அறைக்கும் நடுவே ஒரு 'விசேஷக் கண்ணாடி'. இந்தப் பக்கம் இருட்டில் உட்கார்ந்தால் குழந்தைகள் நமக்குத் தெரிவார்கள். அவர்களுக்கோ தங்கள் முகம்தான் தெரியும். யாரும் பார்க்காதபோது குழந்தை செய்வது எதுவோ அதுவே பிறவிக்குணம் என்பது என் கோட்பாடு.

பேராசிரியர்கள் மூவர், பிஸ்கட் தட்டு ஒன்று. இருட்டில் பங்கு சரியாக விழவில்லை என்று சந்தேகித்த துணைத்தலைவர் விளக்கைப் போட்டார்.

"கிரீம் வெச்சதெல்லாம் எங்கய்யா?"

"என்னைக் கேட்டா? நான் சர்க்கரை வியாதிக்காரன்!" என்றார் செயலாளர், வாய் நிறைய. "அவரைக் கேளுங்க!"

கடைசி இரண்டை நான் முதுகுக்குப் பின்னால் பத்திரப்படுத்தினேன். தலைமைப் பொறுப்பு அப்படிப்பட்டது.

சற்று நேரத்தில் கண்ணாடிக்கு அப்பால் அதிசயம்! மூன்று குழந்தைகள் ஒரு விளையாட்டுத் தட்டுக்கு அடித்துக்கொண்டன. ஒன்று மற்றொன்றைக் கைகாட்டியது. ஒருத்தி இரண்டு மரக்கட்டைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். அவள் என் பேத்தி.

'பேராசை, பொறாமை, பழிபோடுதல் ஆகிய மூன்று தூண்களின் மேல்தான் மழலை ஆளுமை நிற்கிறது' என்று முடிவெழுதினோம். பேத்தி விஷயத்தில் மட்டும் 'தாய்வழி' என்று நடுநிலையோடு சேர்த்துக்கொண்டேன்.

மாலையில் குழந்தையைக் கூட்டிப்போக வந்த மருமகளிடம் பக்குவமாகச் சொன்னேன்.

"மனசைத் தேத்திக்கம்மா. ரெண்டு மரக்கட்டையை முதுகுக்குப் பின்னால ஒளிச்சு வெச்சுக்கிட்டா. இவளுக்கு அபகரிக்கிற குணம் இருக்கு. நம்ம வீட்ல ஏழு தலைமுறையா கிடையாது."

அவள் முகம் வாடிவிட்டது. மகள் முன் மண்டியிட்டாள்.

"ஏன்டா கண்ணு, எல்லாருக்கும் குடுக்காம ஒளிச்சு வெச்சே?"

"நாங்க தாத்தா விளையாட்டு விளையாடினோம்மா! கண்ணாடிக்குள்ள லைட்டு போட்டுக்கிட்டு சண்டை போட்டாங்கல்ல? அதுல நான்தான் எங்க தாத்தா!"

நம் பக்கம் விளக்கெரிந்தால் விசேஷக் கண்ணாடி வெறும் ஜன்னல்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மருமகள் எழுந்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏழு தலைமுறையாவா, மாமா?"

அவசரக் கூட்டம் கூட்டினேன். ஆய்வைக் கைவிடலாமா என்று நெடுநேரம் விவாதித்து, தவறு அடுத்தவருடையது என்று மூவரும் ஏகமனதாகத் தீர்மானித்தோம். கண்டுபிடிப்பில் எள்ளளவும் பிழையில்லை என்பதால் அறிக்கை அப்படியே அச்சேறுகிறது. ஆய்வுக்குட்பட்டோரின் வயதில் மட்டும் ஒரு சிறு திருத்தம்: 'நான்கு' என்றிருப்பதை 'ஐம்பத்து நான்கு' என்று வாசித்துக்கொள்ளவும்.